‘ஆயுள் பரியந்தம் ஆண்டு அனுபவித்து…’: ஒரு பத்திர வாசகத்தின் வரலாறு

உங்கள் வீட்டுப் பத்திரத்தைக் கடைசியாக எப்போது முழுக்கப் படித்தீர்கள்? பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டதோடு அது பீரோவுக்கோ வங்கி லாக்கருக்கோ போயிருக்கும். எப்போதாவது வெளியே எடுத்தாலும் சர்வே எண், நான்கெல்லை, சதுர அடி, யூ.டி.எஸ். என்கிற பிரிபடாத பாகம் ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டு மூடிவிடுவோம். நடுவில் ‘சர்வ சுதந்திர பாத்தியங்களுடன், தானாதி விற்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்பது போல ஒரு நீண்ட வாசகம் வரும். பத்திர எழுத்தர் பழக்க தோஷத்தில் எழுதியது என்று நம் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

ஆனால் அது அலங்காரம் அல்ல. ‘தானாதி விற்கிரயம்’ என்றால் தானம் கொடுக்கவும் விற்கவும் உங்களுக்கு அதிகாரம் உண்டு என்று பொருள். ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்றால் உங்கள் உரிமைக்குக் கால வரம்பு இல்லை, உங்களுக்குப் பின் உங்கள் வாரிசுகளுக்குப் போகும் என்று பொருள். சொத்தில் உள்ள உரிமை முழுவதும், எல்லாக் காலத்துக்கும் உங்களிடம் வந்துவிட்டது என்பதை அந்த ஒரு வரிதான் சொல்கிறது.

வேறு சில பத்திரங்களில் அந்த வரி இருக்காது. அதற்குப் பதில் ‘தங்கள் ஆயுள் பரியந்தம் எவ்வித பராதீனமும் செய்யாமல் அனுபவித்து, தங்கள் ஆயுளுக்குப் பின் இன்னார் அடைய வேண்டியது’ என்று இருக்கும். முதல் வகைப் பத்திரம் உள்ளவர் வீட்டை விற்கலாம். இரண்டாம் வகைப் பத்திரம் உள்ளவர் வீட்டில் வாழலாம், வாடகை வாங்கலாம், அவ்வளவுதான். இந்த இரண்டு வாசகங்களுக்கும் நடுவில் 700 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு சண்டை இருக்கிறது. இறந்துபோனவர் தன் சொத்தை எவ்வளவு காலம் ஆட்டுவிக்கலாம் என்பதுதான் அந்தச் சண்டை.

காலத்தில் ஓர் அடுக்குமாடி

இடத்தைப் பங்கு போடுவது அடுக்குமாடியில் வசிக்கும் நமக்கு நன்றாகவே தெரியும். ஒரே மனையில் தரைத்தளம் ஒருவருக்கு, முதல் தளம் இன்னொருவருக்கு, மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. இதே போலக் காலத்தையும் பங்கு போடலாம். ஒரே வீட்டில் முதல் பங்கு அம்மாவின் ஆயுள் வரை அம்மாவுக்கு, அதன் பிறகு வரும் காலமெல்லாம் மகளுக்கு என்று எழுதலாம். இருவருக்கும் உரிமை இன்றே இருக்கிறது. அம்மாவின் உரிமை இன்று அனுபவிப்பது, மகளின் உரிமை பின்னால் அனுபவிப்பது. முன்னதை ஆயுட்கால உரிமை என்றும் பின்னதைப் பின்னுரிமை என்றும் சொல்வோம்.

இப்படிக் காலத்தைக் கூறு போட்டுப் பெயர் வைத்து, ஒவ்வொரு கூறுக்கும் விதி எழுதி, அதையே பெரிய சாத்திரமாக வளர்த்தவர்கள் இங்கிலாந்து வழக்கறிஞர்கள். அதற்கு அங்கே ஒரு காரணம் இருந்தது.

இங்கிலாந்தில் தொடங்கிய கதை

1066இல் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம், நிலம் முழுவதும் அரசனுடையது என்று வைத்துக்கொண்டான். பிரபுக்கள் அரசனிடமிருந்து நிலத்தைப் பெற்றார்கள், அவர்களிடமிருந்து அடுத்த நிலையில் உள்ளவர்கள் பெற்றார்கள். யாரும் நிலத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. அதை எத்தனை காலம், என்ன கடமைக்கு ஈடாக வைத்திருக்கலாம் என்பதுதான் கேள்வி. அதனால் அவர்களுடைய சட்டம் ‘இந்த நிலம் யாருடையது?’ என்று கேட்காமல் ‘இந்த நிலத்தில் இவருக்கு எவ்வளவு காலம்?’ என்று கேட்டுப் பழகியது. வாரிசுகள் இருக்கும்வரை தொடர்வது முழு உரிமை. ஒருவர் உயிரோடு இருக்கும்வரை தொடர்வது ஆயுட்கால உரிமை.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்றைப் பிரபுக்கள் விரும்பினார்கள். ‘இந்த நிலம் என் மகனுக்கும் அவன் வயிற்றுப் பிள்ளைகளுக்கும் மட்டும். எந்தத் தலைமுறையிலும் யாரும் விற்கக் கூடாது’ என்பது அவர்கள் ஆசை. 1285இல் முதலாம் எட்வர்டு காலத்தில் வந்த ஒரு சட்டம் அந்த ஆசையை நிறைவேற்றியது. இதை ஆங்கிலத்தில் ‘ஃபீ டெயில்’ என்பார்கள். நாம் வம்ச உரிமை என்று வைத்துக்கொள்வோம். ஆண் வாரிசுக்கு மட்டும் என்றும் இதை எழுத முடிந்தது.

விளைவு என்ன? நிலத்தை வைத்திருப்பவர் பெயருக்குத்தான் பிரபு, உண்மையில் தன் ஆயுள் வரை இருந்துவிட்டுப் போகிற ஆள். அவரிடம் நிலம் வாங்கியவரின் உரிமை அவர் இறந்ததும் ஆட்டம் கண்டது. அவருக்குக் கடன் கொடுத்தவர் நிலத்தைத் தொட முடியவில்லை. பல தலைமுறைக்கு முன் செத்துப்போன ஒரு தாத்தா உயிரோடு இருக்கும் பேரனின் கையைக் கட்டிப்போட்டார்.

கட்டை அவிழ்க்க வழக்கறிஞர்கள் கண்டுபிடித்த வழி ஒரு நாடகம். விற்க நினைப்பவர் மீது, வாங்க நினைப்பவர் ‘இந்த நிலம் என்னுடையது’ என்று வேண்டுமென்றே ஒரு வழக்குப் போடுவார். விற்பவர், ‘எனக்கு இந்த நிலத்தைக் கொடுத்தவர் இன்னொருவர், அவர்தான் உரிமைக்கு உத்தரவாதம் தந்தார்’ என்று மூன்றாம் ஆளைக் கை காட்டுவார். அந்த மூன்றாம் ஆள் நீதிமன்றத்துக்கு வந்து ‘ஆமாம்’ என்பார். கொஞ்சம் அவகாசம் கேட்டு வெளியே போவார். திரும்பி வரமாட்டார். உடனே தீர்ப்பு: நிலம் வழக்குப் போட்டவருக்கு. ஓடிப்போன ஆள், அதே மதிப்புள்ள நிலத்தை விற்றவரின் வம்சத்துக்கு ஈடாகத் தர வேண்டும். அந்த மூன்றாம் ஆள் வழக்கமாக நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடும் டவாலி போன்ற ஊழியர். அவரிடம் கைப்பிடி மண்கூடக் கிடையாது. நீதிபதிக்கும் அது தெரியும். 1472இல் நடந்த ஒரு வழக்கை இந்த வழி அங்கீகாரம் பெற்ற இடமாகச் சொல்வது மரபு. 1833இல் நாடாளுமன்றம் இந்த நாடகத்தை ஒழித்து, ஒரு சாதாரணப் பத்திரத்தாலேயே கட்டை அவிழ்க்கலாம் என்று சொல்லும்வரை 350 ஆண்டுகளுக்கு மேல் அது அரங்கேறிக்கொண்டிருந்தது.

அவிழ்க்க வழி வந்ததும் கட்டுவதற்குப் புதிய வழிகளைக் குடும்ப வழக்கறிஞர்கள் தேடினார்கள். தகப்பனுக்கு ஆயுட்கால உரிமை மட்டும், மகனுக்குப் பின்னுரிமை, அந்த மகன் பெரியவனானதும் மறுபடி ஒரு பத்திரம் எழுதி அவனையும் ஆயுட்கால உரிமைக்குள் அடக்குவது என்று தலைமுறை தலைமுறையாகச் சுருக்குப் போட்டார்கள்.

இதனால் யார் இழந்தார்கள் என்பதை ஜேன் ஆஸ்டினின் நாவல்கள் காட்டுகின்றன. 1811இல் வெளிவந்த ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யின் சிக்கலே ஒரு முதியவரின் உயில்தான். பண்ணையை அனுபவித்த தகப்பனுக்கு அதில் தன் மனைவிக்கும் மூன்று மகள்களுக்கும் எதையும் ஒதுக்கும் அதிகாரம் இல்லை. அவர் இறந்ததும் அந்த நால்வரும் தாங்கள் வாழ்ந்த வீட்டிலேயே விருந்தாளிகளாகிவிடுகிறார்கள். ராஜீவ் மேனனின் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000) இந்த நாவலைத் தழுவியது. தாத்தாவின் உயிலால் வீட்டை இழந்து தாயும் மகள்களும் சென்னைக்கு வருவதை நாம் திரையில் பார்த்தோம். பாட்டுக்காக அந்தப் படத்தை நினைவில் வைத்திருப்பவர்கள், கதையைத் தொடங்கி வைப்பது ஓர் உயில் என்பதையும் கவனிக்கலாம்.

‘எதுவரை?’ என்ற கேள்வி

பின்னுரிமைகளை எவ்வளவு தூரம் அடுக்கிக்கொண்டே போகலாம்? இதற்கு எல்லை போட்ட வழக்கு 1682இல் வந்தது. ஹோவர்டு என்ற பெரும் பிரபுக் குடும்பத்தில் மூத்த மகன் தாமஸ் மனநலம் குன்றியவர். அடுத்தவர் ஹென்றி, அவருக்கும் இளையவர் சார்லஸ். தகப்பனார் 1647இல் எழுதிய ஏற்பாட்டின்படி, தாமஸ் பிள்ளை இல்லாமல் இறந்து குடும்பப் பட்டம் ஹென்றிக்குப் போனால், ஹென்றிக்கென்று ஒதுக்கியிருந்த ஒரு பண்ணை சார்லஸுக்கு மாற வேண்டும். 1677இல் தாமஸ் பிள்ளை இல்லாமலே இறந்தார். ஹென்றி நார்ஃபோக் கோமகன் ஆனார். ஆனால் பண்ணையை விட மறுத்தார். தம்பி அண்ணன் மீது வழக்குப் போட்டார்.

எதிர்காலத்தில் நடக்கக்கூடிய ஒன்றை நம்பி எழுதிய உரிமை செல்லுமா? செல்லும் என்றார் நீதிபதி நாட்டிங்ஹாம் பிரபு. தாமஸ் என்ற ஒரு மனிதரின் ஆயுளுக்குள் விஷயம் தெரிந்துவிடும், அவ்வளவு காலம் காத்திருப்பதால் யாருக்கும் கேடில்லை என்பது அவர் வாதம். இடையில் மாறிய தீர்ப்பை 1685இல் பிரபுக்கள் சபை மீண்டும் உறுதி செய்தது. அந்த வழக்கிலிருந்து படிப்படியாக ஒரு விதி உருவானது: இன்று உயிரோடு இருப்பவர்களின் ஆயுள், அதற்கு மேல் 21 ஆண்டு. அதற்குள் உரிமை யாருக்கு என்று முடிவாகிவிட வேண்டும். அதையும் தாண்டிச் சொத்தைக் கட்டி வைக்க முயன்றால் அந்த ஏற்பாடு செல்லாது.

எளிய மொழியில் சொன்னால், நீங்கள் பார்த்த முகங்களையும் அவர்களின் குழந்தைகளையும் மனதில் வைத்து எழுதலாம். பார்க்கவே முடியாத தலைமுறைகளைக் கட்டுப்படுத்த முடியாது. இந்த விதி கப்பலேறி இந்தியா வந்தது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இதையே கொஞ்சம் மாற்றிச் சொல்கிறது: உயிரோடு இருப்பவர்களின் ஆயுள், அதன் முடிவில் இருக்கும் ஒரு குழந்தை மேஜராகும் வரை.

கல்கத்தாவில் ஒரு தகப்பனும் மகனும்

அந்தச் சட்டத்துக்குப் பத்து ஆண்டுகள் முன்பே, இந்திய மண்ணில் இந்தக் கேள்வியை எழுப்பிய வழக்கு ஒன்று முடிந்திருந்தது. பிரசன்ன குமார் தாகூர் கல்கத்தாவின் பெரும் செல்வர், அரசாங்க வழக்கறிஞராக இருந்தவர், இந்து சட்ட நூலான ‘விவாத சிந்தாமணி’யை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். ரவீந்திரநாத் தாகூரின் குடும்பத்தோடு உறவுள்ள பாதுரியாகட்டா கிளையைச் சேர்ந்தவர். அவருடைய ஒரே மகன் ஞானேந்திர மோகன் 1851இல் கிறிஸ்தவரானார். லண்டன் போய்ப் படித்து 1862இல் பாரிஸ்டர் பட்டமும் பெற்றார். அந்தத் தகுதி பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

அதே 1862இல் தகப்பன் ஓர் உயில் எழுதினார். மகனுக்கு ஒன்றும் இல்லை. சொத்து அண்ணன் மகன் ஜதீந்திர மோகனுக்கு ஆயுட்காலம் வரை, அதன் பின் ஜதீந்திரருக்குப் பிறக்கப் போகும் மூத்த மகனுக்கு, அப்புறம் அந்த மகனின் ஆண் வழிக்கு, அந்த வழி அற்றுப்போனால் அடுத்த கிளைக்கு என்று போகிறது அந்த உயில். பெண் வழிக்கு இடமே இல்லை. இங்கிலாந்தின் வம்ச உரிமையை அப்படியே எடுத்து வங்காளத்தில் நட்டுவிட்டார். 1868இல் அவர் காலமானார். மகன் வழக்குத் தொடுத்தார்.

வழக்கு லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் வரை போய் 1872இல் முடிந்தது. தீர்ப்பின் சாரம் இதுதான். இந்து சட்டத்தில் தானம் வாங்கக் கை வேண்டும். உயில் எழுதியவர் இறக்கும்போது பிறந்திராத ஒருவருக்குக் கொடை கொடுக்க முடியாது. ஒரு தனிமனிதர், சட்டம் அறியாத புது வகை வாரிசு முறையைத் தானே உண்டாக்கவும் முடியாது. எனவே ஜதீந்திரரின் ஆயுட்கால உரிமை செல்லும், அதற்குப் பின் வரிசையாக எழுதிய எதுவும் செல்லாது.

அப்படியானால் ஜதீந்திரருக்குப் பின் சொத்து யாருக்கு? சட்டப்படியான வாரிசுக்கு. அந்த வாரிசு யார்? ஒன்றும் இல்லை என்று தகப்பன் ஒதுக்கிய மகன். மதம் மாறியதால் வாரிசுரிமை போகாது என்று 1850ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஏற்கெனவே சொல்லியிருந்தது. ‘என் மகனுக்குக் கிடையாது’ என்று எழுதினால் மட்டும் போதாது, வேறு ஒருவருக்குச் செல்லும்படியாகக் கொடுத்திருந்தால்தான் மகனைத் தள்ள முடியும் என்றும் தீர்ப்பு சொன்னது. உயில் எழுத நினைக்கும் ஒவ்வொருவரும் மனதில் வைக்க வேண்டிய வரி இது.

ஆனாலும் ஞானேந்திரர் கைக்கு வந்தது பின்னுரிமைதான். அவர் 1890இல் இறந்தபோது ஜதீந்திரர் உயிரோடு இருந்தார், 1908 வரை இருந்தார். தன் உரிமை என்று தீர்ப்பு வாங்கிய சொத்தில் ஒருநாளும் அவர் போய் உட்கார முடியவில்லை. காலத்தைப் பங்கு போடும்போது பின்பங்குக்காரருக்கு எப்போதும் உள்ள ஆபத்து இது. பிரசன்ன குமாரின் அதே உயிலிலிருந்துதான் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற தாகூர் சட்டச் சொற்பொழிவுகளுக்கு நிதி கிடைத்தது என்பது இன்னொரு செய்தி. சட்டம் நன்கு தெரிந்தவர் எழுதிய உயிலும் சறுக்கலாம்.

சென்னையின் பதில்

தாகூர் தீர்ப்பு ஒரு நல்ல காரியத்துக்கும் தடையானது. இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளுக்கு என்று ஒரு தாத்தா எழுதிவைக்க நினைத்தால், இந்துவாக இருந்தால் முடியாது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் பிறக்காதவருக்குக் கொடுக்க வழி செய்திருந்தாலும், அந்த அத்தியாயம் அப்போது இந்து சட்டத்தின் விதிகளைத் தொடவில்லை.

இதை முதலில் மாற்றியது நம் மாகாணம். 1914ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் 1, இந்துக்கள் பிறக்காதவர்களுக்கும் கொடையோ உயிலோ எழுதலாம் என்றது. 1916இல் இந்திய அளவில் அதே போன்ற சட்டம் வந்தது. சென்னை நகருக்கென்று 1921இல் தனியாக ஒரு சட்டம் வந்தது. 1929இல் சொத்து மாற்றுச் சட்டமே திருத்தப்பட்டு இந்த வேறுபாடு நீங்கியது. இன்று நீங்கள் பிறக்காத பேத்திக்கு எழுதலாம், இரண்டு நிபந்தனைகளோடு. முதலில் உயிரோடு இருக்கும் ஒருவருக்கு ஓர் உரிமை கொடுத்து, அதன் பின் அவளுக்கு என்று எழுத வேண்டும். அவளுக்குக் கொடுக்கும்போது மீதி உரிமை முழுவதையும் கொடுத்துவிட வேண்டும். பிறக்காத பேத்திக்கு ஆயுட்கால உரிமை மட்டும் கொடுத்து, அவளுக்குப் பின் அவள் பிள்ளைக்கு என்று நீட்ட முடியாது.

நெல்லூரில் துளசம்மா

இதுவரை சொன்னது பெரும் பணக்காரர்களின் கதை. சாதாரணக் குடும்பங்களில் காலப் பங்கின் சுமையைத் தாங்கியவர்கள் பெண்கள்.

பழைய இந்து சட்டத்தில் கணவன் சொத்து விதவைக்கு வந்தாலும் அது வரம்புள்ள உரிமையாகத்தான் வந்தது. ஆளலாம், வருமானத்தை அனுபவிக்கலாம். கணவன் கடன், ஈமக்கடன், மகள் திருமணம் போன்ற சட்டப்படியான அவசியம் இருந்தால் ஒழிய விற்க முடியாது. அவள் இறந்தால் சொத்து அவள் வாரிசுக்குப் போகாது, கணவனின் வாரிசுகளுக்குப் போகும். 1956க்கு முந்தைய மூலப்பத்திரங்களில் ஒரு விதவை விற்ற பத்திரம் இருந்தால், என்னென்ன அவசியங்களுக்காக விற்றாள் என்ற நீண்ட பட்டியலைப் பார்க்கலாம். வாங்கியவர் தன்னைக் காத்துக்கொள்ள எழுதிக்கொண்ட பட்டியல் அது. 1937இல் வந்த சட்டம் விதவைக்குப் பங்கைக் கொடுத்தது. ஆனால் அதே வரம்போடுதான் கொடுத்தது.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இந்த வரம்பை நீக்கியது. ஒரு இந்துப் பெண்ணின் வசம் உள்ள சொத்து அவளுடைய முழுச் சொத்து என்றது. ஆனால் அதே பிரிவின் இரண்டாம் பகுதி ஒரு விலக்கு வைத்தது. கொடை, உயில், நீதிமன்றத் தீர்ப்பு போன்றவற்றால் வரம்போடு கொடுத்திருந்தால் அந்த வரம்பு நிற்கும் என்றது. விதி எங்கே முடிகிறது, விலக்கு எங்கே தொடங்குகிறது?

துளசம்மாவின் வழக்கு இதற்குப் பதில் தந்தது. அவருடைய கணவர் 1931இல் கூட்டுக் குடும்பத்தில் இருந்தபோதே இறந்தார். சொத்து மைத்துனர் சேஷா ரெட்டியிடம் இருந்தது. 1944இல், நீதிமன்றக் கட்டணம் கட்ட வசதி இல்லாதவர் என்ற நிலையில் துளசம்மா ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டார். 1946இல் தீர்ப்பு கிடைத்தது. அதை நிறைவேற்றும் கட்டத்தில் 1949இல் சமரசம் ஏற்பட்டது. சில சொத்துகள் அவருக்கு, ஆனால் ஆயுள் வரை அனுபவிக்க மட்டும். விற்க அதிகாரம் இல்லை, அவருக்குப் பின் மைத்துனருக்கே திரும்பும்.

1960இல் துளசம்மா ஒரு பகுதியைக் குத்தகைக்கு விட்டார். 1961இல் ஒரு பகுதியை விற்றார். உடனே நெல்லூர் முன்சீப் நீதிமன்றத்தில் மைத்துனரின் வழக்கு வந்தது. முன்சீப் மைத்துனர் பக்கம், மாவட்ட நீதிபதி துளசம்மா பக்கம், ஆந்திர உயர் நீதிமன்றம் மீண்டும் மைத்துனர் பக்கம். 1977 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. கணவன் சொத்திலிருந்து பிழைப்புக்குப் பெறுவது அவருக்கு ஏற்கெனவே இருந்த உரிமை. சமரசப் பத்திரம் புதிதாக ஒன்றும் கொடுக்கவில்லை, இருந்த உரிமைக்கு ஈடாகத்தான் கொடுத்தது. எனவே பத்திரத்தில் எழுதிய ‘ஆயுள் வரை’ என்ற வரம்பு மறைந்து, சொத்து அவருடைய முழுச் சொத்தாகிவிட்டது. கணவர் இறந்து 46 ஆண்டுகள், முதல் வழக்குப் போட்டு 33 ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு அது.

இந்தக் கேள்வி இன்னும் முழுக்க ஓயவில்லை. இரண்டு பகுதிகளையும் பற்றிப் பின்னால் வந்த தீர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்படுவதால், 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது.

நம் வளாகத்தில்

ஒரு காலத்தில் பெண்ணைக் கட்டிவைத்த அதே ஆயுட்கால உரிமை, இன்று வயதானவர்களைக் காக்கும் கருவியாகவும் மாறியிருக்கிறது. மகனுக்கோ மகளுக்கோ வீட்டை செட்டில்மென்ட் எழுதும் பெற்றோர், ‘எங்கள் இருவர் ஆயுள் வரை நாங்களே குடியிருந்தும் வாடகை பெற்றும் அனுபவிப்போம்’ என்று ஒரு வரி சேர்த்தால், வீட்டின் முன்காலம் அவர்களிடமே தங்கும். அப்படி ஆயுட்கால அனுபவத்தை வைத்துக்கொண்டு எழுதிய தானப் பத்திரமும் முழுமையாகச் செல்லும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கு மறுபக்கமும் உண்டு. அந்த வழக்கில் கொடுத்தவர் பின்னால் மனம் மாறி ரத்து செய்ய முயன்றது பலிக்கவில்லை. செட்டில்மென்ட் எழுதிப் பதிந்தால் பின்னுரிமை அன்றே போய்விடும். உயில் அப்படி அல்ல, மூச்சு இருக்கும்வரை மாற்றி எழுதலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, வாங்கியவர் கைவிட்டால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின் கீழ் தீர்ப்பாயத்தை அணுகலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது பாதுகாப்பு.

பின்னுரிமையிலும் தரம் உண்டு. ‘என் ஆயுளுக்குப் பின் மகளுக்கு’ என்று செட்டில்மென்டில் இருந்தால் அது உறுதியான உரிமை. அம்மாவுக்கு முன் மகள் இறந்தாலும் அது மகளின் வாரிசுகளுக்குப் போகும். ‘மகள் பட்டம் பெற்றால் அவளுக்கு’ என்றால் அது நிபந்தனை உரிமை. நிபந்தனை நடந்தால்தான் உண்டு. அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு, அவர் எதுவும் எழுதவில்லை, ‘நாளைக்கு எனக்குத்தானே வரும்’ என்று பிள்ளை நினைப்பது உரிமையே அல்ல. அது வெறும் எதிர்பார்ப்பு. அதை விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ சட்டம் அனுமதிக்காது.

வீடு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆயுட்கால உரிமை உள்ளவர் தன்னிடம் இருப்பதைத்தான் விற்க முடியும். அவரிடம் வாங்கினால் அவர் கண்மூடும் நாளில் உங்கள் உரிமையும் முடிந்துவிடும். வில்லங்கச் சான்றில் பத்திரத்தின் பெயரும் எண்ணும் தெரியும். உள்ளே எழுதிய ‘ஆயுள் வரை’ தெரியாது. பதிவு செய்யாத உயில் அதில் வரவே வராது. எனவே மூலப்பத்திரங்களை வரி வரியாகப் படிக்க வேண்டும், வழக்கறிஞரிடமும் காட்ட வேண்டும். ஒரே ஆவணத்தின் இரண்டு இடங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், உயிலில் பின்னால் எழுதியது நிற்கும், கிரயம், செட்டில்மென்ட் போன்ற பத்திரங்களில் முன்னால் எழுதியது நிற்கும் என்பது பொது விதி.

இது தனி வீட்டுக் கவலை மட்டுமல்ல. பழைய கட்டடங்களை இடித்து மறுகட்டுமானம் செய்யும் பேச்சு நகரெங்கும் நடக்கிறது. அந்த நாள் நம் வளாகத்துக்கும் வரும். அப்போது பிரிபடாத பாகங்களுக்கு உரியவர்களின் சம்மதம் தேவைப்படும். ஒரு வீட்டில் அம்மாவுக்கு ஆயுட்கால உரிமையும் வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குப் பின்னுரிமையும் இருந்தால், அம்மாவின் கையெழுத்து மட்டும் போதாது, மகனுடையது மட்டும் போதாது, இருவருடையதும் வேண்டும். ஒரு வீட்டின் பத்திரத்தில் தெளிவில்லை என்றால் எல்லா வீடுகளின் திட்டத்துக்கும் சிக்கல் வரலாம்.

அதனால் இந்த வாரம் ஒருநாள் மாலை அந்த பத்திரத்தை வெளியே எடுங்கள். ‘ஆண்டு அனுபவித்து’ என்று வரும் வாக்கியத்தைத் தேடிப்பிடித்து, அதற்கு முன்னும் பின்னும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘சர்வ சுதந்திரமாய்’ என்று இருக்கிறதா, ‘ஆயுள் பரியந்தம்’ என்று இருக்கிறதா? பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள். பின்காலத்துக்கு உரியவர்கள் அவர்கள்தானே.